எட்டாம் வகுப்புப் படத்தில் ஓர் இடைவெளி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு நடுநிலைப் பள்ளி. அந்த வருஷம் ஆண்டு மலர் கொண்டுவரும் வேலை தமிழய்யா வேலாயுதத்தின் தலையில் விழுந்தது. கட்டுரை திருத்துவது அவருக்குக் கைவந்த கலை. கம்ப்யூட்டரில் படம் திருத்தத்தான் வராது. கூச்சம் பார்க்காமல், தன் மகள் வயதுள்ள ஓவிய டீச்சர் ரெஹானாவிடம் மாணவராகச் சேர்ந்தார்.

ரெஹானா அதிகம் பேசமாட்டார். படங்களை விழாவாரியாகப் பிரிப்பது, மங்கலை வெளிச்சமாக்குவது, வேண்டாத ஓரத்தை வெட்டுவது என ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். ஐயாவும் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

ஒரு மதியம், தான் வகுப்பாசிரியராக இருக்கும் எட்டாம் வகுப்பின் குழுப் படத்தை முடித்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

“ஒரே ஒரு இடத்துலதான் கை வெச்சேன். எங்கேன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

ரெஹானா உற்றுப் பார்த்தார். “தெரியலீங்கய்யா. சுத்தமா இருக்கு.”

ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஜமுனா தள்ளி நின்னிருந்தா. நடுவுல இன்னொரு ஆளே நிக்கலாம். நகர்த்தி வரிசையில சேர்த்துட்டேன்.”

ஜமுனாவின் அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்தவர்கள். அரைப்பரீட்சைக்குப் பிறகுதான் அவள் பள்ளியில் சேர்ந்தாள். தமிழ் அரைகுறை.

“மத்த படங்கள்ல?” என்றார் ரெஹானா.

“மத்த படத்துல என்னங்க?”

ரெஹானா திருத்தாத படங்களைத் திறந்தார். விளையாட்டு விழாவில் பெஞ்சின் கோடியில் ஜமுனா. மரம் நடும்போது குழிக்கு அந்தப் பக்கம் ஜமுனா. சத்துணவு வரிசையில் எல்லோருக்கும் பின்னால், தனியாக. பிறகு ஐயா திருத்தியவற்றைத் திறந்தார். வெட்டிய ஓரங்களோடு அவளும் போயிருந்தாள்.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“குரூப் போட்டோவைத் திரும்ப எடுத்துடலாம் டீச்சர். எல்லாரையும் நெருங்கி நிக்கச் சொல்றேன்.”

“நீங்க சொன்னா நிப்பாங்க.”

“அப்புறம் என்னங்க?”

“அதுவும் மவுஸ்ல நகர்த்தின மாதிரிதானுங்கய்யா.”

ஐயாவுக்குச் சுருக்கென்றது. “வேற என்னதான் பண்ணட்டும்? சொல்லிக் குடுங்க.”

ரெஹானா அவர் திருத்திய குழுப் படத்தை அழித்தார். “எனக்குப் படம்தானுங்க தெரியும். வகுப்பு உங்களோடது.”

மறுநாள் ஐயா கரும்பலகையில் ‘தவளை’ என்று எழுதினார்.

“ஜமுனா, உங்க பாஷையில இதுக்கு என்ன பேரும்மா?”

அவள் எழுந்து தரையையே பார்த்தாள். மெல்லச் சொன்னாள். “பெங்க.”

“வெங்காயமா?” என்றாள் கடைசி வரிசை கிருபாவதி.

வகுப்பே சிரித்தது. இருப்பதையும் கெடுத்துவிட்டோமோ என்று ஐயா பயந்துபோனார். ஜமுனாவின் தோள்கள் குலுங்கின. அவள் தலை நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் சாம்பார் சாதத்திலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து, கிருபாவதியின் முகத்துக்கு நேரே நீட்டினாள் ஜமுனா.

“பெங்க!”

கிருபாவதி தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அதன்பின் ஐயா வகுப்புக்குள் நுழையும்போதே பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். “இன்னிக்கு என்ன வார்த்தைங்கய்யா?” சில நாளில் அவரைக் கேட்பதையும் விட்டுவிட்டு நேரே ஜமுனாவிடம் போனார்கள்.

அச்சகம் கொடுத்த கெடு நெருங்கியதும் படம் மறுபடி எடுக்கப்பட்டது. எங்கே நிற்க வேண்டும் என்று ஐயா யாருக்கும் சொல்லவில்லை.

படத்தைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. ஜமுனா நடுவில் நின்று, கண்ணை இறுக மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிருபாவதி கேமராவைப் பார்க்காமல் அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் இருவர் எட்டிப் பார்த்ததில் முகங்களே கலங்கிப் போயிருந்தன.

“ஒருத்திக்குக் கண்ணு மூடியிருக்கு. ஒருத்தி திரும்பி நிக்கிறா. எதை முதல்ல திருத்தட்டுங்க டீச்சர்?”

ரெஹானா படத்தை நிதானமாகப் பார்த்தார்.

“எதைத் தொட்டாலும் இடைவெளி விழுந்துடுமுங்கய்யா.”