மழை ஜீரோ

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளம். தான் சொன்னால் மேகமே கேட்கும் என்பது அதன் மேனேஜர் தனுஷ்கோடியின் சொந்த ஆராய்ச்சி முடிவு. "இன்னைக்கு மழை வராது, உப்பை மூட வேண்டாம்" என்று முதலாளியிடம் போனில் அடித்துச் சொன்னார். போனை வைத்ததும் கொட்டியது.

ஆபீஸ் உதவியாளர் பிரகாசி, மாடியிலிருந்த மழைமானியை ஆன்லைன் டேட்டாபேஸோடு இணைத்திருந்தாள். ஒரு வரி புரோகிராம் கிடையாது. செயலியில் கட்டங்களை இழுத்துப் பொருத்தியதோடு சரி. அந்த மழைக் கணக்கை முதலாளி போனிலேயே பார்ப்பார்.

மேனேஜர் அவளிடம் பாய்ந்தார். "அதுல மழை ஜீரோன்னு காட்டணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே!"

"நான் எதையும் எழுதுறதில்ல சார். மானியில விழுற தண்ணி தானா கணக்குல ஏறுது. மானி நனையலேன்னா ஜீரோதான்."

மேதைக்கு அது போதும். குடையோடு மாடிக்கு ஓடினார். அவர் தலை மறைந்ததும் பிரகாசி ஆட்களைக் கூட்டி, உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடினாள்.

முதலாளி தொப்பலாக நனைந்து வந்தார். "போன்ல மழை ஜீரோன்னு காட்டுது! உன் ஆட்டோமேஷன் கெட்டுப்போச்சாம்மா?"

பிரகாசி மாடியைக் காட்டினாள். மானிக்குக் குடை பிடித்தபடி மேனேஜர் நனைந்துகொண்டிருந்தார்.

"மழை பெய்ஞ்சா அது தானா ஏறிடும் சார். ஜீரோவுக்குத்தான் ஆள் வேணும்."