சிப்பி கவ்விய கயிறு

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா ஜெனோவா, தங்கச்சி பிரகாசி. கடலுக்கடியில முங்கிப் பாசி பறிக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் வேலை. ம் கொட்டுறியா? கொட்டலன்னா பாதியில விட்டுட்டுப் போயிருவேன்.

அப்போ, கடலப் பத்திப் படிக்கிற ஒரு டீச்சரம்மா வந்து, தண்ணிக்குள்ள படம் பிடிக்கிற கேமராவ பிரகாசிகிட்ட குடுத்தாங்க. "பவளப்பாறையில இருக்கிற சிப்பி, சங்கு எல்லாத்தையும் படம் எடும்மா. எதையும் தொடாத." சரின்னுட்டா. ஆனா பாசிக்காரங்களுக்கு ஒரு பழக்கம். கையில இருக்கிறத அலை அடிச்சிட்டுப் போயிரும்னு, எதையும் மணிக்கட்டோட சுருக்குப் போட்டுக் கட்டிக்குவாங்க. இவளும் கேமராவ ரெண்டு முழக் கயித்துல அப்படியே கட்டிக்கிட்டா. வினையே அதுலதான்.

அப்புறம், அக்கா தண்ணிக்கு மேல காத்தடிச்ச டியூபப் பிடிச்சு மிதக்குறா. தங்கச்சி தொபுக்குன்னு முங்குனா. மொத தடவ, பூப்போட்ட ஒரு சங்கு, நத்த மாதிரி ஊர்ந்து போகுது. பறிச்சுப் பழகின கை தானா நீளுது. அது விஷச் சங்கு கண்ணு, குத்துனா ஆளே காலி. வெடுக்குன்னு கைய இழுத்துக்கிட்டா. கிளிக். ரெண்டாந்தடவ, குட்டிச் சிப்பி நாலு. கிளிக், கிளிக். அதுக்குள்ள ஏன் போர்வைக்குள்ள போற? பயம் இன்னும் வரவே இல்ல.

மூணாந்தடவ, ராட்சசச் சிப்பி. நீ சுருண்டு படுத்தா எவ்வளவு இருப்ப, அவ்வளவு. தொறந்த வாய்க்குள்ள நீலமும் பச்சையுமா மினுங்குது. ஆசையில கிட்டக் குனிஞ்சா. அவ நெழல் அதுமேல விழுந்துச்சு. வெயில் மறைஞ்சா அதுக்குப் பயம். லபக்குன்னு மூடிக்கிச்சு. தொங்கின கயிறு உள்ள மாட்டிக்கிச்சு.

இழுத்தா, வரல. மணிக்கட்டுல நகத்தால நெருடினா, சுருக்கு இன்னும் இறுகுது. பல்லால கடிச்சா, அறுபடல.

அப்போதான் அவளுக்கு ஒறைச்சுது, விலகிக் கெடந்தா வெயில் படும், தானா தொறக்கும்னு. கயிறு எட்டுற தூரத்துக்குத் தள்ளிப்போய் ஆடாம அசையாமக் கெடந்தா. சிப்பி மெல்ல விரியுது. அந்த நேரம் பாத்து மேல பெருசா ஒரு நெழல். அக்காதான். தங்கச்சியக் காணோமேன்னு பதறி, டியூபோட நேர் மேல வந்துட்டா. மறுபடியும் லபக்.

தங்கச்சி போ, போன்னு கைய ஆட்டினா. காப்பாத்த வந்தவளையே வெரட்டுறா, பாரு. அக்கா போகல. மறுபடி ஆட்டினா. அக்கா முங்கப் பாத்தா. மூணாந்தடவ இவ ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டா. அக்கா அதப் பாத்தா. அப்புறம் திரும்பிப் போயிட்டா.

இப்போ இவ மட்டும் தனியா. மூச்சு முட்டுது. கண்ணு இருட்டுது. எங்க, ம் சொல்லு. வெயில் வந்து பட்டுச்சு. சிப்பி ஒரு விரல் அகலத்துக்கு வாயத் தொறந்துச்சு. சர்ருன்னு கயித்த உருவிக்கிட்டு, தவிச்சுத் தவிச்சு மேல வந்துட்டா.

தள்ளி, அக்கா டியூபக் கட்டிக்கிட்டு வெடவெடன்னு நடுங்குறா.

"ஏன்டி என்னைப் போகச் சொன்ன?"

"உன் நெழல் விழுந்தா சிப்பி தொறக்காதுக்கா."

"அது எனக்குத் தெரியாதே."

"தெரியாமலா விட்டுட்டுப் போன?"

"நீ கும்பிட்டியேடி. பொறந்ததுலருந்து எனக்கு நீ அடங்கினதே இல்ல. நீயே கும்பிட்டா, நான் வேற என்ன பண்ணுவேன்?"

அவ்வளவுதான், ரெண்டு பேரும் கரையேறியாச்சு, கதையும் கரையேறியாச்சு. என் கைய விடு, கண்ண மூடு.