இயக்குநர் கோட்டில் குத்திய பேட்ஜ்

ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் போடுபவள் செண்பகவல்லி. கதிர்வீச்சைத் தடுக்க ஊசிக்கு மேல் மாட்டும் ஈய உறை உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ், அளவு கூடியதைக் காட்டிவிட்டது.

இயக்குநர் நமச்சிவாயம் அவளைக் கூப்பிட்டார்.

“அடுத்த தடவை அளவு குறையணும். ஆனா ஒரு ஊசிகூடக் குறையக் கூடாது. முடியலைன்னா வேற வேலை பாத்துக்க.”

“புது உறை வாங்கித் தந்தா தானா குறைஞ்சிடும், சார்.”

“உறையெல்லாம் கிடையாது. பேட்ஜைக் கழட்டி மேஜைக்குள்ள போட்டுட்டு ஊசி போடு. படிச்ச பொண்ணுக்கு இதுகூடவா நான் சொல்லித் தரணும்?”

“மேஜைக்குள்ள கிடந்தா ஒண்ணுமே பதியாது, சார். அளவைப் பாக்குறவங்க சந்தேகப்படுவாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள நடமாடுற ஒருத்தர் போட்டுக்கிட்டா நல்லது. உங்க கோட்டுல இருந்தா யாரு கேக்கப்போறா?”

அவருக்கு யோசனை பிடித்துப்போனது. பேட்ஜைத் தானே குத்திக்கொண்டார்.

அன்றைக்கே செண்பகவல்லி அரசின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண் ஆய்வாளர் வந்து நின்றார். வரவேற்க ஓடிவந்த இயக்குநரின் கோட்டில் இருந்த பேட்ஜின் பெயரைக் குனிந்து படித்தார்.

“செண்பகவல்லிங்கிறது நீங்களா, சார்?”

“இல்ல மேடம்... அது எங்க டெக்னீஷியனோடது.”

“அப்போ அவங்க வாங்கின கதிர்வீச்சு எதுல பதிஞ்சிருக்கு?”

ஊசி அறையிலிருந்து வந்த செண்பகவல்லி தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“இதுல, மேடம்.”

ஆய்வாளர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு ஊசி அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

“ஈய உறை வந்ததும் சொல்லி அனுப்புங்க,” என்றார்.