பதினோரு கே.பி.

தங்கப்பழம் ஐம்பத்திரண்டு வயதில் சிஷ்யரானவர். தூத்துக்குடியில் இருபது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். கம்ப்யூட்டர் வந்து அதை மூடவைத்ததும், பழசையே கட்டிக்கொண்டு அழ முடியாது என்று கம்ப்யூட்டர் படிக்கப் போனார். குருவாக வாய்த்த எப்சிபாவுக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

அவருக்கு நன்றாகக் கைவந்த வித்தை ஒன்றுதான். டாஸில் ஓடும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் மெமரியில் இடம் பிடிப்பது.

அந்த மெஷின்களில் எவ்வளவு மெமரி வாங்கிப் போட்டாலும், புரோகிராம் ஓடுவதென்னவோ முதல் அறுநூற்று நாற்பது கே.பி.க்குள்தான். மாடி வைத்து வீடு கட்டிவிட்டு எல்லோரும் முன்னறையிலேயே நெருக்கிப் படுத்த கதை. மெஷினைப் போட்டதுமே வந்து உட்கார்ந்துகொள்ளும் சின்னப் புரோகிராம்களை மாடிக்கு ஏற்ற வேண்டும். ஏறாததை நிறுத்திவைக்க வேண்டும். மெஷின் தொடங்கும்போது படிக்கும் ஃபைலில் அதன் வரிக்கு முன்னால் 'ரெம்' என்று தட்டினால் போதும், மெஷின் அதைக் கண்டுகொள்ளாது. இதெல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஒரு மாதம் நாலாம் தேதி, இறால் கம்பெனி ஒன்றிலிருந்து அவரைத் தேடி ஆள் வந்தது. கப்பலுக்குப் போகும் பெட்டிகளுக்குச் சீட்டு அடிக்கப் புதிதாக வாங்கிய புரோகிராம், இடம் போதவில்லை என்று ஓட மறுக்கிறதாம். தங்கப்பழம் போய் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். ஒன்று மட்டும் அடம்பிடித்தது. ஏற்றினால் மெஷினே நின்றுபோனது. பதினோரு கே.பி. பெயரைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

"போட்ட ஆளு எப்பமோ வேலையைவிட்டுப் போயிட்டான். சும்மா கெடக்குறதுதான, தூக்குங்க" என்றார் மேனேஜர்.

தங்கப்பழம் அவசரப்படவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அது ஒன்றுமே செய்யவில்லை. ரெம் போட்டார். சீட்டு அடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் அவர் கையில் மக்ரூன் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

பதினாறாம் தேதி காலையில் அந்தக் கம்பெனியில் குளிர்பதன மெஷினின் அம்மோனியாக் குழாய் விட்டுக் கேஸ் கசிந்தது. அபாய மணி அடிக்கவில்லை. இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஏழு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். சந்தனமாரி என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் செத்துப்போனாள். மணியை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்று கம்ப்ரசர் ஆபரேட்டர் கொம்பையாவைப் போலீஸ் கொண்டுபோனது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

மணி கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டது என்று பேப்பரில் படித்தபோது தங்கப்பழத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேஸ் கசிகிறதா என்று நாள் முழுக்கக் காத்திருந்து, கசிந்தால் மணியடிப்பதுதான் அந்தப் பதினோரு கே.பி.யின் வேலை. கசியாத நேரத்தில் அதற்கு வேலையே கிடையாது. அவர் பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் டீச்சரிடம் போனார். வகுப்பு முடிந்து அவள் மட்டும் இருந்தாள்.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒரு ஃபைலை இன்னைக்குத் திருத்திட்டு, முந்தியே திருத்துன மாதிரி தேதி போட முடியுமா?"

"எந்த ஃபைலு?"

சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நாளைக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. அதுக்குள்ள ரெம்மை எடுத்துரணும். எடுத்தா இன்னைக்குத் தேதி விழுந்துரும். நாலாம் தேதின்னு இருந்தாத்தான், அன்னைக்கே எல்லாம் சரியா இருந்த மாதிரி ஆகும். மேனேஜரும் சத்தமில்லாம முடிச்சிருங்கங்காரு."

"கொம்பையா?"

"ஜாமீன் கெடைச்சிரும்ங்காங்க." அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக டீச்சர்."

"மேல ஏறலைன்னதும் எதுக்குள்ளதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"அது சும்மாதான் இருந்துச்சு."

எப்சிபா, "ஏறலைன்னா நிறுத்துங்கன்னு சொல்லிக்கொடுத்தது நாந்தான்" என்றாள்.

திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். உள்ளூர அதற்காகத்தான் வந்திருந்தார். அவளோ ஒரு மெஷினைப் போட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க, சொல்லித்தாரேன். டேட்டுன்னு அடிங்க."

அடித்தார். மெஷின் அன்றைய தேதியைக் காட்டி, புதிய தேதி என்ன என்று கேட்டது.

"நாலாம் தேதியைப் போடுங்க."

போட்டார். மெஷின் ஏன் என்று கேட்கவில்லை.

"இப்ப ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து சேவ் பண்ணுங்க. பண்ணியாச்சா? தேதியைப் பாருங்க."

நாலாம் தேதி என்றே இருந்தது.

"இம்புட்டுத்தானா டீச்சர்?"

"இம்புட்டுத்தான்."

தங்கப்பழத்துக்குப் போன உயிர் திரும்பிவந்தது. எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். தன் மகள் வயதுக்குச் சற்றே மூத்த ஒருத்தியின் காலில் விழக்கூடத் தயாராக இருந்தார். செருப்பைத் தேடி மாட்டும்போது அவள் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, போற வழியில சந்தனமாரி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டுப் போங்க."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அங்க எதுக்கு?"

எப்சிபா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு நாலாம் தேதிதான? உயிரோடதான் இருப்பா. பதினாறாம் தேதி மட்டும் வேலைக்குப் போவாண்டாம்னு சொல்லிட்டு வாங்க."