வெல்லமண்டிக்குப் பின்னால் ஒரு பூட்டு

வாணகோவன் என்ற ராஜா ஆண்ட வெள்ளாற்றூரில், சந்தையில் கிடைக்காத பொருளே இல்லை. ஒதுங்க ஓர் இடம்தான் கிடைக்காது.

ஆண்கள் மதிலோரம் போய்ச் சமாளித்தார்கள். அந்தப் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது. பெண்கள் பாடுதான் பெரும்பாடு. விடியலில் கடை போட்டால் பொழுது சாயும்வரை தொண்டையை நனைக்க மாட்டார்கள். பங்குனி வெயிலில் கீரைக்காரி மாயக்காள் கூடைமேலேயே மயங்கி விழுந்தாள்.

“தண்ணீர் குடி, தாயே” என்றார் வைத்தியர்.

“குடிச்சா எங்கய்யா போறது?” என்றாள் அவள்.

இது அரசவை விகடர் நல்லபெருமாளின் காதுக்கு எட்டியது. நேரே சபைக்குப் போய்ச் சொன்னார். வணிகர் தலைவர் தனக்கோடி முந்திக்கொண்டார். “மகாராஜா, சந்தையில் எள் விழ இடமில்லை. கழிப்பிடம் எங்கே கட்டுவது?”

“அதுவும் சரிதான்” என்றார் ராஜா. “பொழுது சாயும்வரைதானே? பொறுத்துக்கொள்ளச் சொல்லும்.”

நல்லபெருமாள் பதில் பேசவில்லை. அவர் பேசினால் சபை சிரிக்கும். பேசாவிட்டால் யாருக்கோ வினை என்று அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும்.

சித்திரை முதல் நாள் ராஜா சந்தைக்கு வந்து, கடை கடையாக நீர்மோர் வாங்கிக் குடிப்பது அந்த ஊர் வழக்கம். கடைசிக் கடைவரை போகாமல் திரும்பினால் மழை பொய்க்குமாம். வழக்கமாக ராஜா உதட்டை மட்டும் நனைப்பார்.

“சின்னக் கடை மோர் என்றால் ராஜா முகம் சுளிக்கிறார் என்று ஊரில் பேச்சு” என்று இந்த முறை காதைக் கடித்தார் நல்லபெருமாள்.

ராஜா ரோஷக்காரர். குவளை குவளையாகக் காலி செய்தார். துணைக்கு நல்லபெருமாளும் குடித்தார். பத்தாவது கடையில் ராஜாவின் நடை மாறியது. பதினைந்தாவது கடையில் அவர் நின்றே விட்டார்.

“நல்லபெருமாள்... ஓர் இடம்...”

“என்ன இடம், மகாராஜா?”

“ஓய், தெரியாதது போலக் கேட்காதேயும்!”

“எள் விழ இடமில்லையே! இன்னும் நாற்பது கடைதான். பொழுது சாயும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.”

ராஜாவின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. தனக்கோடிக்கோ, ராஜாவிடம் நல்ல பெயர் வாங்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா என்று தோன்றிவிட்டது. ஓடோடி வந்தார்.

“மகாராஜா! அடியேன் வெல்லமண்டிக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. பூட்டியே வைத்திருக்கிறேன். என்னைத் தவிர ஒருவரும் போனதில்லை!”

“சாவி!” என்று அலறினார் ராஜா.

திரும்பி வந்தபோது அவருக்கு உலகமே அழகாகத் தெரிந்தது. தனக்கோடி மட்டும் அழகாகத் தெரியவில்லை.

“எள் விழ இடமில்லை என்றீரே? உள்ளே இரண்டு மாடு கட்டலாம் போலிருக்கிறதே!” என்றார். “இந்த நிமிஷத்திலிருந்து இது சந்தைப் பெண்களுக்கு. ஆண்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று கட்டும்.”

“ஐயோ, நாற்றமடித்தால் யார் வெல்லம் வாங்குவார்கள்? ஊர் எல்லையில் கட்டலாமே!” என்று பதறினார் தனக்கோடி.

“எல்லையில் கட்டினால் ஒரு வாரம்தான் சுத்தமாக இருக்கும்” என்றார் நல்லபெருமாள். “கழிப்பிடம் கட்டுவது பெரிசில்லை, மகாராஜா. அதைக் காவல் காக்க ஒரு மூக்கு வேண்டும். சந்தையிலேயே பெரிய மூக்கு இவருடையதுதான். நாற விடுவாரா?”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். இப்போது பயமில்லாமல் சிரிக்க முடிந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

“மாலை அப்புறம், மகாராஜா! நானும் பதினைந்து குவளை குடித்தவன்!” என்று மண்டியின் பின்பக்கம் பாய்ந்தார் நல்லபெருமாள்.

அங்கே பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் நின்ற மாயக்காள் கையை நீட்டி மறித்தாள்.

“இது பொம்பளைங்களுக்குன்னு ராஜா சொல்லிட்டாருங்க, சாமி. உங்களுக்கு இனிமேத்தான் கட்டணும்!”