கனவு விட்டுப்போன துண்டு

பொற்கொடி என்றொரு பெண்மணியின் தலைக்குள் ஞாபகமும் கனவும் ஓரகத்திகளாகக் குடியிருந்தன. மூத்தது ஞாபகம். விடிந்ததிலிருந்து படுக்கும் வரை வேலை அதற்குத்தான். பால் பொங்குமுன் அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடியை எங்கே கழற்றி வைத்தாள் என்று காட்ட வேண்டும். போன வருஷம் காலமான கணவர் தணிகாசலத்தின் முகத்தைக் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இளையது கனவு. அது வரும், கையில் கிடைத்ததையெல்லாம் வாரி இறைக்கும், விடிந்ததும் கிளம்பிவிடும். இறைத்ததைப் பெருக்கி அள்ளுவதும் ஞாபகத்தின் தலையில்தான்.

அதுகூடப் பரவாயில்லை. எழுந்ததும் பொற்கொடி கேட்கிற கேள்விதான் ஞாபகத்துக்கு வயிற்றெரிச்சல். "என்ன கனவு கண்டேன்?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்பாள். மூக்குக்கண்ணாடியை அந்தக் குரலில் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று அவள் கண் விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. பல் துலக்கியவுடன் அடுத்த வீட்டு ரமணியைக் கூப்பிட்டாள்.

"அவரு கனவுல வந்தாருடி. நம்ம சமையல்கட்டுக்குள்ள பஸ் நிக்குது. இவரு கண்டக்டர் பையை மாட்டிக்கிட்டு விசில் ஊதுறாரு. பஸ் முழுக்க ஆட்டுக்குட்டி. டிரைவர் சீட்டுல எங்க கல்யாணத்துக்குத் தவில் வாசிச்சவரு. திடீர்னு பாத்தா பஸ்ஸக் காணோம், ஏரி. அவரு மட்டும் முழங்கால் தண்ணியில நின்னு ஏதோ கேட்டாரு. என்ன கேட்டாருன்னுதான் நெனப்பு வரல."

"நல்லா யோசிங்கக்கா," என்றாள் ரமணி. "செத்தவங்க கனவுல வந்து கேட்டா, அதைச் செஞ்சு காக்காய்க்கு வைக்கணும். இல்லாட்டி பசியோட அலைவாங்க."

பொற்கொடி கண்ணை மூடி யோசித்தாள். அவர் கேட்டது ஞாபகத்திடம் இருந்தது. காலையில் அள்ளும்போது முதலில் சிக்கியதே அந்தத் துண்டுதான். ஆனால் ஞாபகம் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையை இறுக மூடிக்கொண்டது.

வெளியே போகவிருந்த கனவு வாசலில் நின்று திரும்பியது. "அக்கா, அதைக் குடுத்துடுங்க. பாவம், தவிக்கிறாங்க."

"தவிக்கட்டும். அவரோட நிஜமான முகம், நிஜமான நடை, சட்டையில வியர்வை வாடை வரைக்கும் நான் காப்பாத்தி வெச்சிருக்கேன். நீ ஆட்டுக்குட்டியை பஸ்ல ஏத்தினா கன்னம் நனையுது."

"நான் என்னக்கா செய்யட்டும்? எனக்கு ஒண்ணும் ஒழுங்கா வராது."

"ஒழுங்கா வராதவங்களுக்குத்தான் இந்த வீட்டுல மவுசு," என்றது ஞாபகம். கனவுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது.

பிறகு ஞாபகம் தன் சொந்தச் சரக்கை எடுத்து நீட்டியது. அவருக்கு வாழைப்பூ வடையும் காராமணிக் குழம்பும் உயிர். குழம்பில் கத்தரிக்காய் நீளநீளமாகக் கிடக்க வேண்டும். பொடியாக நறுக்கினால் தட்டைத் தள்ளிவிடுவார்.

"அதைத்தான் கேட்டிருப்பாரு," என்று பொற்கொடி எழுந்தாள். வாழைப்பூவை ஆய்ந்தாள், பருப்பை ஊறவைத்தாள். படைக்கும் வரை வாயில் எதுவும் படக்கூடாது என்று காபிகூடக் குடிக்கவில்லை. உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று எல்லாவற்றையும் தன்னிடமே கேட்டதில் ஞாபகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

உச்சி வெயிலில் மொட்டைமாடியில் இலை போட்டு வைத்தாள். காக்கைகள் வந்து வடையைக் கொத்திக்கொண்டு போயின. கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கியவளுக்குக் கண் இருட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதைத்தானே கேட்டீங்க?" என்று வெறும் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

ஞாபகத்துக்கு அப்போதுதான் உறுத்தியது. கையைப் பிரித்துப் பார்த்தது. ஏரித் தண்ணீரில் நின்றுகொண்டு தணிகாசலம் கேட்டது இவ்வளவுதான்:

"நீ சாப்பிட்டியா, கொடி?"

ஞாபகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையே அவர் நிஜமாகக் கேட்டது தன்னிடம் எங்காவது இருக்கும், அதையே கொடுத்துவிடலாம் என்று தன் அறைக்குள் ஓடியது. கல்யாணத்தன்றிலிருந்து கடைசி நாள் வரை கிளறியது. குழம்பு ஆறிப்போச்சு என்றிருக்கிறார். இன்னொரு வடை போடு என்றிருக்கிறார். ஏப்பம் விட்டு எழுந்து கை கழுவியிருக்கிறார். நீ சாப்பிட்டாயா என்று, பேச்சுக்குக்கூட, ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞாபகம் பொறாமையில் வெந்தது. நிஜம் மொத்தமும் தன் வசம் இருந்தும் தன்னிடம் இல்லாத ஒன்றை, அந்த ஊர்சுற்றி போகிற போக்கில் இறைத்துவிட்டுப் போயிருக்கிறதே.

அது என்ன செய்தது தெரியுமா? அந்தத் துண்டிலிருந்த ஏரித் தண்ணீரைத் துடைத்தது. தன் அறையில், நிஜங்களுக்கு நடுவே, என்றைக்கோ வைத்ததுபோல் செருகியது. அதன் பிறகுதான் அதை உருவி, தன்னுடையதாகவே பொற்கொடியிடம் நீட்டியது.

அவள் எழுந்து உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள்.

"என்ன கேட்டாருன்னு தெரிஞ்சுதாக்கா?" என்று ரமணி எட்டிப் பார்த்தாள்.

"கனவை விடுடி, அது போயிருச்சு," என்றாள் பொற்கொடி, சோற்றைப் பிசைந்தபடி. "ஆனா ஒண்ணு. எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும், நான் சாப்பிட்டேனான்னு கேக்காம ஒரு நாளும் படுத்ததில்ல."