கரையான் தொடாத விண்ணப்பம்

ஒரு ஊரிலே ஒரு அலுவலகம் இருந்ததாம், அங்கே மனுசரைவிடக் கரையான் அதிகமாம். கரையானுக்கு வேம்பு மருந்து காய்ச்சி விற்கும் சடச்சி அங்கே வந்து நின்றாள். பதிவைப் புதுப்பிக்கவில்லை என்று அவள் கடைக்குச் சீல் வைத்திருந்தார்கள்.

"நீ விண்ணப்பமே போடல" என்று சீறினார் அதிகாரி கோதண்டபாணி. "மருந்து வேலை செய்யுதுன்னு இப்ப நிரூபி. ஆனா பதிவில்லாம ஒரு சொட்டுகூடத் தெளிக்கக் கூடாது."

"தெளிக்காம எப்படிங்கய்யா நிரூபிக்கிறது?"

"அது உன் பாடு."

சடச்சிக்குக் கண் சிவந்தது. "அப்போ உங்க பின்னால இருக்கிற அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்க."

பியூன் திறந்தார். போன வருசக் காகிதமெல்லாம் மண்ணாய்க் கொட்டியது. ஒரே ஒரு பச்சை அட்டை மட்டும் வேப்பெண்ணெய் வாசத்தோடு முழுசாய் இருந்தது.

"எங்க வீட்டுல எந்தக் காகிதத்துக்கும் அட்டையில எங்க மருந்தைத் தடவித்தான் வைப்போம். பதிவு இருந்தப்பத் தடவினது, குத்தமில்ல. உள்ள என் விண்ணப்பம் இருக்கு. கெடுவுக்கு ரெண்டு மாசம் முந்தின தேதி, வாங்கிக்கிட்டதுக்கு உங்க கையெழுத்து. மருந்து வேலை செஞ்சிருக்கு. நீங்கதான் செய்யல."

பியூன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். அதிகாரி அங்கேயே புதுப்பித்து முத்திரை குத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பீரோவுக்கு ஒரு பாட்டில் கிடைக்குமாம்மா?" என்றார்.

"விண்ணப்பம் போடுங்கய்யா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சடச்சி நடந்தாள்.